சவரக்கத்தி வாங்கப் போகிறவருக்கு: எதை முதலில், எதைக் கடைசியில்

முகச்சவரத்துக்கு மடக்குக் கத்தியைக் கையில் எடுக்க ஆசைப்படுகிற பலர், முதல் வேலையாக இணையத்தில் ஒரு செட் வாங்கிவிடுகிறார்கள். மரப்பிடி போட்ட கத்தி, அழகான பெட்டி, கூடவே கூரை ஒழுங்குபடுத்த ஒரு தோல்வார், ஒரு பிரஷ். பார்சலைப் பிரித்து முகத்தில் வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கிறது. அழுத்திப் பார்க்கிறார்கள், தோல் கீறுகிறது. இரண்டு நாளில் கத்தி அலமாரிக்குள் போய்விடும், இது நமக்குச் சரிப்பட்டு வராது என்ற முடிவோடு. அந்தக் கத்தி சவரத்துக்கு வேண்டிய கூர்மையோடு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பவே இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கத்தியின் விலை முகத்துக்குத் தெரியாது, கூர்மைதான் தெரியும். காசைக் கூர்மைக்கும், அதைக் காப்பாற்றும் பொருள்களுக்கும் போடுங்கள். பிடியின் மரமும் பெட்டியின் வெல்வெட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கிறவர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நம் ஊரில் ஆண்டு முழுக்கக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. கத்தி துருப்பிடிக்கும், தோல்வாரில் பூஞ்சை படரும், பிரஷ் காயாது. எதை வாங்குவது என்பதில் பாதி முடிவை இந்த ஈரத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பிரஷும் சோப்பும்

கத்திக்கு ஆர்டர் போடும் முன், இப்போது வைத்திருக்கும் ரேசரோடேயே ஒரு மாதம் பிரஷும் சோப்பும் பழகுங்கள். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் பல பிளேடு அடுக்கிய ரேசர் அரைகுறை நுரையிலும் ஓடிவிடும், சவரக்கத்தி ஓடாது. காய்ந்த தாடிமுடி கடினமானது. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் பருத்து இளகிவிடும், வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறையும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது அதனால்தான் சுகம். ஊறிய முடியை ஈரமாகவே வைத்திருப்பதும், கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கல் கொடுப்பதும் நுரையின் வேலை. டப்பாவில் அமுக்கினால் பொங்கி வருகிற நுரையில் காற்றுதான் அதிகம், வழுக்கல் குறைவு.

பிரஷ் வாங்கும்போது செயற்கை இழையாகப் பார்த்து வாங்குங்கள். பேட்ஜர் என்பது வளைக்கரடி முடி, விலை அதிகம், தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நம் ஊரில் காய நேரமாகும். ‘போர்’ என்று போட்டிருந்தால் அது பன்றி முடி. மலிவாகக் கிடைக்கும் பல பிரஷ்கள் இந்த வகைதான், விளம்பரத்தில் அதை எழுதாமலும் விற்கிறார்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர் யாருக்காவது பரிசாக வாங்குவதாக இருந்தால் இதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இப்போதைய செயற்கை இழைகள் மிருதுவாகவே இருக்கின்றன. உதறி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், வாடை வராது, மிருகத்தின் முடியும் இல்லை. விலையும் கட்டுப்படி. தயங்காமல் அதையே சொல்வேன்.

சோப்பிலும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு. பழைய பாணி ஷேவிங் சோப்புகள் சிலவற்றில் மாடு, ஆடு கொழுப்பு சேர்க்கிறார்கள். மூலப்பொருள் பட்டியலில் ‘டாலோ’ அல்லது ‘டாலோவேட்’ என்று முடிகிற சொல் இருந்தால் அது கொழுப்பு. மாட்டிறைச்சி தொடாத வீட்டில் இதைக் கவனிப்பார்கள். செம்பனை, தேங்காய் எண்ணெய்களிலிருந்து செய்த சோப்புகள் அதே தரத்தில் கிடைக்கின்றன. இத்தாலியின் புரோராஸோ போன்ற கிரீம்களையும் இணையக் கடைகளில் எளிதாக வாங்கலாம். மெந்தால் அதிகம் போட்டவற்றை முதல் சில வாரங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள், குளிர்ச்சியில் தோல் மரத்துப்போனால் கத்தி எங்கே அழுத்துகிறது என்று தெரியாது.

கிண்ணத்துக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பீங்கான் மங்கு போதும். பிரஷை நனைத்து, லேசாக உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிறகு மங்கில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். முதலில் பெரிய குமிழிகள் வரும், பிறகு மங்கலான வெள்ளை வரும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் மினுமினுப்பு ஏறும். கடைந்த கெட்டித் தயிர்ப் பதத்துக்கு வந்து, இரண்டு விரல் நடுவே தேய்த்தால் நழுவினால் சரி. நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் நுரை சுலபமாகக் கட்டும். கடினநீர் வரும் ஊர்க்காரர்கள் இதற்கே பாடுபடுகிறார்கள்.

இந்த ஒரு மாதத்தில் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். இரண்டு நாள் தாடியை மழிக்காமல் விட்டு, விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். வழவழவென்று போகிற திசைதான் முடியின் வாட்டம். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் மாறும், கீழிருந்து மேலாகவும் இருக்கும், ஒரு பக்கமாகச் சுழித்தும் கிடக்கும். வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் நிலையத்தில் “அண்ணே, என் கழுத்துல முடி எந்தப் பக்கம் போவுது?” என்று கேட்டால் கண்ணாடியில் காட்டியே சொல்லிவிடுவார்கள். ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேவெட்டா, முழுக் கத்தியா

பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் நம்மவர் கடைகளில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். கடைக்காரர் இரட்டைப் பக்கப் பிளேடு ஒன்றைக் காகித உறையோடு எடுத்து, உறைக்குள்ளேயே வளைத்துச் சட்டென்று இரண்டாக உடைப்பார். பாதியை ஒரு மெல்லிய மடக்குப் பிடிக்குள் செருகுவார். அடுத்தவர் வந்து உட்கார்ந்தால் புதுப் பாதி. தைப்பூசத்தன்று பத்துமலையில் மொட்டை போடுகிறவர்கள் கையிலும் இதே கருவியைத்தான் பார்க்கலாம். இதற்குப் பெயர் ஷேவெட். ஆளுக்கு ஆள் பிளேடு மாற்ற வேண்டிய தொழிலுக்கு இதுதான் பொருத்தம், ஒருவர் இரத்தம் இன்னொருவருக்குப் போகாது.

வீட்டில் தனக்குத்தானே பழகுகிறவருக்கு இதுவே சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷேவெட் எடை குறைந்தது. பிளேடு மிக மெல்லியது, மிகக் கூரானது, இரண்டு மூலையும் ஊசி முனையாக நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் மூலை குத்தும். நல்ல சவரக்கத்திக்கு எடை இருக்கிறது, அந்த எடையே வேலையைச் செய்யும். தோல்வாரில் இழுத்த கூர், தொழிற்சாலைப் பிளேட்டைவிடத் தோலில் இதமாக ஓடும். ஆகவே பிளேடு மாற்றாத முழுக் கத்திக்குப் பயிற்சியாக ஷேவெட் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பழக்கம் வேறு, கோணமும் கொஞ்சம் வேறு.

ஆனால் தோல்வார், கல், எண்ணெய் என்று எந்தப் பராமரிப்பும் வேண்டாம் என்பவருக்கு ஷேவெட்டே நிரந்தரத் தீர்வு. அப்படியானால் பாதிப் பிளேடு செருகுவதை விட்டுவிட்டு, தொழில்முறை நீளப் பிளேடு ஏற்கும் வகையைப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வரிசை இதில் பேர்பெற்றது. பிடியில் எடை இருக்கிறது, பிளேடும் தடிமன். பயணத்துக்கும் இது நல்லது. எந்த வகையானாலும் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில்தான் போட வேண்டும்.

கத்தியைத் தேர்ந்தெடுப்பது

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக அளப்பது வழக்கம். 4/8 என்றால் அரை அங்குலம், 8/8 என்றால் ஒரு முழு அங்குலம். தொடங்குகிறவர் 5/8 அல்லது 6/8 வாங்கலாம். மில்லிமீட்டரில் ஏறத்தாழ 16, 19. இதைவிடக் குறுகினால் நுரை சீக்கிரம் வழிந்து விரலுக்கு வரும். அகலம் கூடினால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் போதாது.

அடுத்தது அலகின் இரு பக்கமும் எவ்வளவு குழிவாக இழைக்கப்பட்டிருக்கிறது என்பது. முழுக்கக் குழித்ததை ஃபுல் ஹாலோ என்கிறார்கள், கூர்ப்பக்கம் தாள்போல மெலிந்து, முடியை வெட்டும்போது சரசரவென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தமே கோணம் சரியா என்று சொல்லித்தரும். குழிவே இல்லாத ஆப்பு வடிவத்தை வெட்ஜ் என்கிறார்கள், கனமானது, கல்லில் தீட்ட நேரமும் பொறுமையும் கேட்கும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஹாஃப் ஹாலோ. அதையோ ஃபுல் ஹாலோவையோ எடுங்கள். நம் தமிழ் முகங்களின் அடர்ந்த தாடிக்கு ஹாஃப் ஹாலோ கொஞ்சம் உறுதியாக நிற்கும் என்பது என் எண்ணம்.

நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்துக்கு வசதிதான், ஆனால் காதுமடலிலும் மூக்கோரத்திலும் வெட்டுவது அதுவே. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரும்பு விஷயத்தில் குளிர்நாட்டு அறிவுரையோடு நான் வேறுபடுகிறேன். அங்கே கார்பன் எஃகையே முதலில் சொல்வார்கள், தீட்டச் சுலபம் என்பதால். அது உண்மைதான். ஆனால் கடற்காற்று அடிக்கும் தஞ்சோங் தோக்கோங் அடுக்குமாடியில் கார்பன் எஃகை ஒரே ஒரு இரவு ஈரத்தோடு மடித்து வைத்தால், மறுநாள் கூரோரத்தில் பழுப்புப் புள்ளி தெரியலாம். கூரோரத்தில் வந்த துரு கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்துவிடும், பிறகு கல்தான் வழி. தினமும் துடைத்து எண்ணெய் போடும் ஒழுங்கு உங்களிடம் இருந்தால் கார்பன் வாங்குங்கள். இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. ஒருமுறை நன்றாகத் தீட்டிவிட்டால் முகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கைப்பிடிக்கும் இதே கணக்குதான். மரமும் கொம்பும் ஈரம் குடித்து வளையும், வளைந்தால் மடிக்கும்போது கூர் பிடியில் உரசும். அக்ரிலிக், பிளாஸ்டிக் பிடிகளே நமக்கு ஏற்றவை. பழைய கத்தி வாங்குகிறவர் செல்லுலாய்டு பிடியைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது வயதாகிச் சிதையும்போது வெளிவிடும் ஆவி, உள்ளே மடித்திருக்கும் அலகையே அரித்துவிடும்.

ஊர்ப் பெயர்கள் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜப்பான் ஆகியவை இந்தத் தொழிலுக்குப் பேர்போனவை. சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே செய்யாத பொருளில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது. 1906-இல் தொடங்கிய டோவோ, 1869-இல் தொடங்கிய போக்கர் ஆகியவை அந்த ஊர்க்காரர்கள். தியேரில் 1884 முதல் இருக்கும் தியேர்-இசார் பிரெஞ்சுக்காரர்களின் பெருமை. இவற்றில் புதிது வாங்கினால் சில நூறு வெள்ளி ஆகும். சீனாவின் கோல்ட் டாலர் அதில் சிறு பங்குதான். அதன் எஃகு மோசமில்லை, ஆனால் வடிவம் சீராக இருக்காது, கல்லில் நிறைய வேலை கேட்கும். தீட்டத் தெரிந்தவருக்கு அது லாபம். தெரியாதவருக்கு முதல் பத்தியில் சொன்ன அலமாரிக் கத்தி.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “இதை யார் கல்லில் தீட்டினார்கள், எந்த நம்பர் கல் வரை?” என்பது. நம்பர் கூடக் கூடக் கல் நுண்மையானது. ‘ஷேவ் ரெடி’ என்ற இரண்டு சொல்லை எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். தானே தீட்டி அனுப்புகிற விற்பனையாளர் இந்தக் கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்வார். சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 500 வெள்ளிக்கு உட்பட்டு இணையத்தில் வாங்கும் இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

பழைய சாமான் சந்தையில் தேடுகிற சுகமே தனி. பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தை, பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தை ஆகிய இடங்களில் எப்போதாவது ஒரு பழைய கத்தி கண்ணில் படலாம். விலை குறைவாகவே இருக்கும். ஆனால் அது கூர் போன இரும்பு என்ற கணக்கில்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கிருமிநாசினியில் நன்றாகச் சுத்தம் செய்து, தீட்டக் கொடுக்காமல் முகத்தில் வைக்கக் கூடாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

மடித்துப் பாருங்கள், அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும், ஒரு பக்கமும் உரசக் கூடாது. ஆணி தளர்ந்து ஆடக் கூடாது. விரித்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாகக் கிடத்துங்கள். முதுகும் கூரோரமும் முழு நீளத்துக்குக் கண்ணாடியைத் தொட்டால் நல்லது. லேசாகத் தட்டும்போது ஆடினால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒரே சமயத்தில் கல்லில் படும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்தே கூரின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன, பொதுவாக 16, 17 டிகிரி சுமார். ஆகவே முதுகு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதை முன்பு வைத்திருந்தவர் சரியாகத் தீட்டவில்லை என்று அர்த்தம்.

பிறகு விளக்குக்கு அடியில் கூரோரத்தை நேராக உங்கள் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். கூராக இருந்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. எங்கே வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது, அல்லது பல் விழுந்திருக்கிறது. முன்கை முடிக்கு மேலே, தோலைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் அலகை ஓட்டிப் பாருங்கள். முடி நுனிகள் சத்தமில்லாமல் அறுந்து விழுந்தால் சவரத்துக்குத் தயார். கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்ப்பது வேண்டாம், விரலுக்கும் கெடுதல், கூருக்கும் கெடுதல்.

தோல்வார்

கடையில் ஸ்ட்ராப் என்று கேட்க வேண்டும். கத்தி வாங்கும் அன்றே இதுவும் வேண்டும், இது இல்லாமல் கத்தி ஒரு வாரம் தாங்காது. சவரம் செய்யும்போது மிக மெல்லிய கூரோரம் நுண்ணிய அளவில் மடங்கும், சாயும். தோலில் இழுக்கும்போது அது நிமிர்கிறது, மினுங்குகிறது. இரும்பைத் தேய்த்துக் குறைப்பது கல், இருக்கிற கூரை ஒழுங்குபடுத்துவது தோல்.

அகலம் மூன்று அங்குலம் இருந்தால் அலகு முழுவதும் ஒரே இழுப்பில் படும். இரண்டரை அங்குலமும் பரவாயில்லை, குறுக்காக இழுத்துக்கொள்ளலாம். நீளம் ஒரு முழம் இருக்கட்டும். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் லினன் அல்லது கேன்வாஸ் துணி வைத்ததே நல்லது. முதல் தோல்வாரில் அதிகச் செலவு வேண்டாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பழகும் காலத்தில் திருப்பும்போது கூர் தோலில் ஒரு கீறல் போடும். மலிவான மாட்டுத்தோலில் அது விழுவதில் வருத்தம் இல்லை.

இழுக்கும் முறை: கொக்கியில் மாட்டி இறுக்கமாகப் பிடியுங்கள், தோல் தொய்யக் கூடாது. தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னே வர, தட்டையாக இழுங்கள். முனைக்குப் போனதும் முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும், முதுகு தோலை விட்டு எழவே கூடாது. கூர் வழியாகத் திருப்பினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. துணியில் 20 முறை, தோலில் 40, 50 முறை போதும். சத்தமும் வேகமும் தேவையில்லை. சவரத்துக்கு முன் இழுப்பதே முக்கியம்.

நம் ஊரில் தோல்வாரை அலமாரிக்குள் சுருட்டி வைத்தால் சில வாரத்தில் பச்சைப் பூஞ்சை வந்துவிடும். குளியலறையில் தொங்கவிடுவதும் தப்பு. காற்றோட்டமான அறையில், வெயில் நேராகப் படாத சுவரில் தொங்கவிடுங்கள். தினமும் உள்ளங்கையால் இரண்டு முறை நீவினால் போதும், கையின் எண்ணெய்ப் பசையே தோலை மிருதுவாக வைத்திருக்கும். தேங்காய் எண்ணெயைப் பூசினால் தோல் ஊறிப் பிசுபிசுக்கும்.

ஈரத்திலிருந்து காப்பது

சவரம் முடிந்ததும் அலகைக் கழுவி, மெல்லிய காகிதத்தால் முதுகிலிருந்து கூர் நோக்கித் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் துடைத்தால் காகிதமும் விரலும் வெட்டுப்படும். ஆணி இருக்கும் இடத்தில் பிடிக்குள் தண்ணீர் தங்கும், அங்கே கவனம் வேண்டும். கழுவும்போதே வால்பக்கத்துக்குத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. பிறகு ஒரு மணி நேரம் விரித்தபடியே விசிறிக் காற்றில் வையுங்கள். தினமும் பயன்படுத்தாத கத்திக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். கமேலியா எண்ணெயும் ஜப்பானியர் வழக்கம். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாள்பட்டால் பிசின் பிடிக்கும்.

குளியலறை அலமாரியில் கத்தியை வைக்காதீர்கள். நம் வீட்டுக் குளியலறைத் தரை நாள் முழுக்க ஈரம். படுக்கையறை இழுப்பறையில், மூடியிறுகிய டப்பாவில், மருந்துப் புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்துவிடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த இழுப்பறைக்குப் பூட்டு கட்டாயம்.

மீதிச் சாமான்கள்

படிகாரம் ஒரு கட்டி. பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியா நாட்டு மருந்துக் கடைகளில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். குளிர்ந்த நீரில் முகம் கழுவியதும் ஈரத்தோடு தேய்த்தால் சிறு கீறலில் இரத்தம் நிற்கும். எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அடுத்த நாளுக்குப் பாடமும் கிடைக்கும். விரல் நுனியில் தேய்த்துக்கொண்டால் நுரையில் வழுக்காமல் தோலை இழுத்துப் பிடிக்கவும் உதவும்.

நல்ல வெளிச்சம், மூடுபனி படியாத கண்ணாடி. கை கழுவும் தொட்டியில் ஒரு துண்டை விரித்து வையுங்கள். கூரில் பல் விழுவது பெரும்பாலும் தாடியால் அல்ல, கழுவும்போது குழாயில் இடிப்பதால்தான். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள்.

முகத்தில் பருக்கள் அதிகம் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர் ஆகியோர் இந்தப் பக்கம் வருமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

முதல் சவரம்

முதல் நாள் ஒரு கன்னம் மட்டும் மழியுங்கள், மீதியை வழக்கமான ரேசரால் முடித்துவிடுங்கள். அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. காதோரத்தில் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அலகைத் தோலில் ஏறத்தாழப் படுத்த நிலையில் வைத்து, முதுகை மெதுவாக 30 டிகிரி வரை உயர்த்துங்கள். முடியின் வாட்டத்திலேயே சின்னச் சின்னதாக இறக்குங்கள். அழுத்தம் கூடாது, கத்தியின் எடையே போதும். கூர் தோலில் பட்டிருக்கும்போது பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது, வெட்டு விழுவது அப்படித்தான். இரண்டு கன்னமும் கைவந்த பிறகு கழுத்து, அதற்கும் பிறகு மோவாயும் மேலுதடும். மோவாயின் வளைவு எல்லாருக்கும் சிரமம், அதற்கு வாரக்கணக்கு ஆகும்.

எதிர்வாட்டத்தில் மழிப்பதை முதல் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். நம்மில் சுருண்ட தாடிக்காரர் அதிகம். எதிர்வாட்டத்தில் ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து, கழுத்தில் கருப்புப் புடைப்புகளாக நிற்கும். வாட்டத்தோடு ஒரு முறை, நுரை தடவிக் குறுக்காக ஒரு முறை, அவ்வளவு போதும்.

கத்தி இழுக்கிறதா? முதலில் கோணத்தைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து நுரையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால்தான் கூரைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியில் கல்

தொடங்கும்போது தீட்டுக்கல் வாங்க வேண்டாம். நன்றாகத் தீட்டிய கத்தியைத் தோல்வாரில் ஒழுங்காக இழுத்து வந்தால் சில மாதங்கள் ஓடும். தோலில் இழுத்தும் பழைய இதம் திரும்பாத நாள் ஒன்று வரும். அப்போது தனியாக ஒரு தோல்துண்டிலோ பால்சா மரத்துண்டிலோ அரை மைக்ரான் பச்சை குரோமியம் ஆக்சைடு பசையை மெல்லப் பூசி, பத்து முறை இழுத்துப் பாருங்கள். அன்றாடத் தோல்வாரில் அந்தப் பசையைப் பூசக் கூடாது. பெரும்பாலும் இதிலேயே இன்னும் சில வாரம் கிடைத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கல். கூரின் சரிவை உருவாக்க 1000 நம்பர் (கிரிட்) கல், பிறகு 4000, 8000, முடிவுக்கு 12000 என்று ஏறிப் போவார்கள். நனிவா, ஷாப்டன் போன்ற ஜப்பானியக் கற்களும் பெல்ஜியத்தின் கோட்டிகுல் இயற்கைக் கல்லும் இதில் பேர்போனவை. கெடாத கத்தியைப் புதுப்பிக்க ஒரே ஒரு 12000 கல் போதும், கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், முதுகும் கூரும் படும்படி, கூர் முன்னே போக இருபது தடவை. தோல்வாரில் போகும் திசைக்கு இது நேர் எதிர். கல் தட்டையாக இல்லாவிட்டால் கூரும் நேராக வராது என்பதால், கல்லைத் தட்டையாக்கும் வைரத்தகடும் சேர்ந்த செலவு இது.

சந்தையில் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்பவரிடம் மட்டும் சவரக்கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். சுழலும் சாணைச் சக்கரத்தின் சூடு மெல்லிய கூரின் பதத்தைக் கெடுத்துவிடும், அதன் பிறகு எந்தக் கல்லிலும் அது மீளாது. மழிப்புக் கத்தியைக் கல்லில் கையால் தீட்டுகிறவரையே தேடுங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் அலகுக்கு எண்ணெய் தடவி, மடித்து, திறந்துகொள்ளாமல் ரப்பர் வளையம் போட்டு, குமிழ்த்தாளில் சுற்றி, கெட்டி அட்டைப் பெட்டியில் வையுங்கள். போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், அந்த நாட்களுக்கென்று முதல் கத்தியின் அளவிலேயே இரண்டாவது ஒன்று இருந்தால் பழகிய கைக்கு மாற்றம் தெரியாது.